தம்பி ஜப்பானுக்குப் போகிறான்: முதலில் ஜப்பானிய மொழியா, ஜப்பானியச் சைகை மொழியா?

பாயான்பாரு_அக்கா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு இருபத்து நான்கு வயது ஆகிறது. ஒன்றரை வயதில் வந்த கடுங்காய்ச்சலுக்குப் பிறகு அவனுக்கு இரு காதுகளும் கேட்பதில்லை. தஞ்சோங் பூங்காவில் உள்ள சிறப்புப் பள்ளியில் படித்தவன். பிம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் மலேசியச் சைகை மொழியில் மணிக்கணக்கில் பேசுவான். இன்னும் ஏழு மாதத்தில் ஒரு பயிற்சிக்காகப் பத்து மாதம் ஜப்பானில் தங்கப் போகிறான்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்-3 நிலை வரை தேறியிருக்கிறேன். வினைச்சொல் கடைசியில் வருவதும், நம் வேற்றுமை உருபுகளைப் போலவே அவர்களுக்கும் சொல்லின் பின்னால் ஒட்டுகள் இருப்பதும் நமக்குப் பெரிய வசதி என்பதால், தம்பிக்கும் அந்த வழியிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கைப்பேசியில் ஜப்பானிய விரலெழுத்து (ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கைவடிவம்) அட்டவணை ஒன்றை இறக்கிவைத்துக்கொண்டு, போன வாரம் வரவேற்பறையில் அவனை உட்கார வைத்து, “தம்பிக்குப் புத்தகம் கொடுத்தேன்” என்பதை ஜப்பானிய வாக்கியமாக்கி, ஒவ்வோர் ஒட்டையும் விரலால் எழுதிக் காட்டினேன். அவன் பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “இது சைகையா, தட்டச்சா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

அவன் முதலில் ஜப்பானிய மொழியைப் படிக்க வேண்டுமா, ஜப்பானியச் சைகை மொழியைப் படிக்க வேண்டுமா? பிம் தெரிந்தவனுக்கு அது எந்த அளவுக்குப் புரியும்? அங்கே காது கேளாதவர்கள் அன்றாட வாழ்க்கையில் சைகை மொழியை எங்கெல்லாம் பயன்படுத்த முடிகிறது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

பிரிக்பீல்ட்ஸ்_மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் கோலாலம்பூரில் பதினான்கு ஆண்டுகளாகப் பிம் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். காது கேட்பவன்தான், பிரிக்பீல்ட்ஸ் வை.எம்.சி.ஏ. வகுப்பில் சேர்ந்துதான் கற்றேன். உங்கள் தம்பி கேட்ட கேள்வி மிகச் சரியானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் பிம் ஒன்று, மலாய் மொழியின் சொல்வரிசையையும் முன்னொட்டு பின்னொட்டுகளையும் அப்படியே கையால் காட்டும் ‘கோட் தாங்ஙான்’ இன்னொன்று என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிப் பாடத்துக்கென்று உருவாக்கப்பட்ட அந்தக் கைக்குறியீட்டில் யாரும் வம்பளப்பதில்லை. ஜப்பானிலும் இதே பிரிவு உண்டு. காது கேளாதோர் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஜப்பானியச் சைகை மொழி வேறு; ஜப்பானிய வாக்கியத்தைப் பேசிக்கொண்டே சொல்லுக்குச் சொல் கையைச் சேர்க்கும் முறை வேறு. நீங்கள் செய்தது இரண்டாவதைவிடவும் ஒரு படி தள்ளி, ஒட்டுகளைக்கூட எழுத்தெழுத்தாக எழுதியது.

“தம்பிக்கு” என்பதில் உள்ள ‘க்கு’ ஜப்பானியத்தில் ‘நி’ ஆகிறது. சைகை மொழியில் அது எங்கே போகிறது தெரியுமா? கையின் திசைக்குள் போய்விடுகிறது. முதலில் தம்பியைக் காற்றில் ஓர் இடத்தில் நிறுத்துகிறீர்கள். பிறகு ‘கொடு’ என்ற சைகையை உங்கள் மார்பிலிருந்து அந்த இடத்தை நோக்கி நகர்த்துகிறீர்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அதிலேயே முடிந்துவிடுகிறது. ‘கற்பித்தல்’ என்பதற்கு ஆள்காட்டி விரலை எதிரில் உள்ளவரை நோக்கி அசைப்பார்கள். அதே விரலைத் தன் பக்கம் திருப்பி அசைத்தால் ‘கற்றுக்கொள்ளுதல்’ ஆகிவிடும். பிம் மொழியிலும் இப்படித் திசை மாறும் வினைகள் இருப்பதால், இந்த இடத்தில் உங்கள் தம்பி உங்களைவிடப் பல மைல் முன்னால் நிற்கிறார்.

ஆனால் சொற்கள் வேறு. பிம் அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து நிறைய வாங்கியது. அதோடு பினாங்கிலும் சிலாங்கூரிலும் முன்பே இருந்த உள்ளூர்ச் சைகைகளும் கலந்திருக்கின்றன. ஜப்பானியச் சைகை மொழியின் உறவினர்கள் கொரியாவிலும் தைவானிலும் இருக்கிறார்கள். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அங்கே நடந்த காது கேளாதோர் பள்ளிகள் வழியாக அது பரவியது. நம் நாட்டிலும் அவர்கள் மூன்றரை ஆண்டுகள் இருந்தார்களே என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். சைகை மொழியைச் சிப்பாய்கள் பரப்புவதில்லை. பள்ளியும் விடுதியும்தான் பரப்புகின்றன. தஞ்சோங் பூங்காவில் காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி வந்தது அவர்கள் போன பிறகு, 1954இல்தான்.

நம் பக்கத்திலிருந்து அவர்கள் பக்கம் போனதும் உண்டு. காது கேளாதவர்களே நடத்தும் ஸ்டார்பக்ஸ் கடை உலகிலேயே முதலில் திறக்கப்பட்டது நம் கோலாலம்பூர் பங்சாரில், 2016இல்; தோக்கியோவின் குனிதாச்சியில் அத்தகைய கடை 2020இல்தான் வந்தது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மன்னிக்கவும்.

---

செராஸ்_பொறியாளர் எழுதியது:

சற்று மாறுபட்டுச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஒசாக்காவில் நான்கு ஆண்டுகள் படித்தவன். இரயில் நிலைய அறிவிப்பு, மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம், குப்பையைத் தரம் பிரிக்கும் அட்டவணை எல்லாமே ஜப்பானிய எழுத்தில்தான் இருக்கும். கடைக்காரருக்கும் அண்டை வீட்டாருக்கும் சைகை மொழி தெரிந்திருக்கப் போவதில்லை. ஏழு மாதம் மட்டுமே இருக்கும்போது, ஹிரகனா, கத்தகனா என்ற ஒலியெழுத்துகளோடு, சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகளில் இரண்டு மூன்று நூறையும் படித்துவிட்டுப் போவதே அறிவுடைமை. சைகை மொழியை அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம். உணர்ச்சிவசப்படாமல் யோசித்தால் அக்கா தொடங்கிய வழி முற்றிலும் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை.

---

ஆறாம்ஆண்டுத்_தமிழன் எழுதியது:

வணக்கம். இந்த இழையில் காது கேளாதவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. பன்னிரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து கேட்கும் திறனை இழந்தேன். அதற்குள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டதால் தமிழ் எழுத்து என்னோடு தங்கிவிட்டது. இந்தப் பெயரும் அதனால்தான். சில ஆண்டுகளுக்கு முன், ஆசிய பசிபிக் நாடுகளின் மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கென நடக்கும் ஒரு பயிற்சியில் நானும் ஜப்பானில் தங்கியிருந்தேன்.

செராஸ் நண்பர் சொல்லும் குப்பை அட்டவணை உண்மைதான். அதற்கு எழுத்து வேண்டும். ஆனால் அந்த அட்டவணையை எனக்குப் புரிய வைத்தது எழுத்தல்ல. மேல் வீட்டில் இருந்த, அறுபது வயதைத் தாண்டிய காது கேளாத ஒரு பெரியவர் என்னைக் குப்பைத்தொட்டி வரை கூட்டிக்கொண்டு போய், புட்டியின் மூடியைத் தனியாகக் கழற்றிக் காட்டி, எது எந்தக் கிழமை என்று கையால் சொன்னார். அன்றிலிருந்துதான் எனக்கு அந்த ஊரில் ஆள் கிடைத்தார்கள். மொழி தெரிந்த பிறகு நண்பர்கள் கிடைப்பார்கள் என்று காது கேட்பவர்கள் நினைக்கிறீர்கள். எங்களுக்கு நண்பர்கள் வழியாகத்தான் மொழி வருகிறது, எழுத்தும் அதன் பின்னாலேயே வருகிறது.

அந்தப் பெரியவரிடம்தான் ஒரு பெரிய குழப்பமும் நேர்ந்தது. எனக்கு அண்ணன் தம்பி உண்டா என்று கேட்க, அவர் இரண்டு கைகளின் நடுவிரல்களையும் என் முகத்துக்கு நேரே நீட்டி ஒன்றை மேலும் ஒன்றைக் கீழும் நகர்த்தினார். நான் அப்படியே விறைத்துப் போனேன். குப்பையை மாற்றிப் போட்டதற்குத் திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். நடுவிரல் மேலே போனால் அண்ணன், கீழே போனால் தம்பி, இரண்டும் சேர்ந்தால் உடன்பிறந்தார் என்பதை மறுநாள் வகுப்பில் தெரிந்துகொண்டேன். உங்கள் தம்பியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான் இன்றுவரை சிரிக்கும் கதை இது, ஆனால் அன்று இரவு தூங்கவில்லை.

அவர்களுடைய கைகளில் ஆண் என்றால் கட்டைவிரல், பெண் என்றால் சுண்டுவிரல். இரண்டையும் நெருங்க வைத்தால் திருமணம், விலக்கினால் மணமுறிவு. கன்னத்தைத் தொட்டுக் கட்டைவிரலை உயர்த்தினால் தந்தை, சுண்டுவிரலை உயர்த்தினால் தாய். ஐந்து என்ற எண்ணுக்கு விரித்த கை கிடையாது, கட்டைவிரலைக் கிடைமட்டமாக நீட்டுவார்கள். இது தெரியாமல் ஒரு கடையில் நான் ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ‘நன்றி’ சொல்ல இடக்கையைப் படுக்க வைத்து, அதன் புறங்கையிலிருந்து வலக்கையை வெட்டுவதுபோல மேலே எழுப்புவார்கள். சுமோ மல்லர்கள் பரிசு வாங்கும்போது செய்யும் கையசைவை நினைவூட்டும். ‘காலை’ என்பதற்கு நெற்றிப்பொட்டில் வைத்த கைமுட்டியைத் தலையணை போலக் கீழே இறக்குவார்கள்.

கஞ்சி எழுத்தும் கைக்குள் புகுந்திருக்கிறது என்பதைச் செராஸ் நண்பருக்காகச் சொல்கிறேன். ‘ஆறு’ (நதி) என்பதற்கு மூன்று விரல்களை நீட்டிக் கீழ்நோக்கி இழுத்தால் அந்த எழுத்தின் மூன்று கோடுகளும் வந்துவிடும். ‘மனிதன்’ என்பதை ஆள்காட்டி விரலால் காற்றில் இரண்டு கோடாக எழுதுவார்கள். நான் முதலில் படித்த கஞ்சிகள் இவைதாம், புத்தகத்தைத் திறக்காமலேயே. குடும்பப் பெயர்களில் இன்னும் வேடிக்கை உண்டு. சசாக்கி என்பவரை முதுகிலிருந்து வாளை உருவுவதுபோலக் காட்டுவார்கள், சசாக்கி கோஜிரோ என்ற பழைய வாள்வீரரின் நினைவாக. கத்தோ என்றால் ஈட்டி குத்துவது, அது கத்தோ கியோமசாவின் நினைவாக.

விரலெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒசாக்கா நகரக் காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஒசோனே கென்சுகே அமெரிக்காவுக்குப் போய் வந்த பிறகு உருவாக்கிய முறை அது. அ, இ, உ, எ, ஒ ஐந்துக்கும் அமெரிக்க விரலெழுத்தின் அதே வடிவங்கள்தான். ‘நோ’, ‘ரி’, ‘ன்’ ஆகியவற்றைக் கத்தகனா எழுத்தைப் போலவே காற்றில் எழுதுவார்கள். ‘தா’வுக்கு மட்டும் அமெரிக்கருடைய ‘டி’ (T) எழுத்தை எடுக்கவில்லை. அந்தக் கைவடிவம் ஜப்பானில் ஆபாசமான சைகை. ‘க’வை (ka) மென்மையாக ஒலிக்கும் எழுத்தாக்க (ga) அதே கையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும். ஆகவே பிம் விரலெழுத்து தெரிந்த உங்கள் தம்பிக்கு இதைப் பழக ஒரு வாரம் போதும். ஆனால் அது பெயர்களுக்கும் புதுச் சொற்களுக்கும் மட்டும்தான், அக்கா. வாக்கியம் எழுதுவதற்கு அல்ல.

கையைவிட முகம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயர வேண்டும். உயராவிட்டால் அது கேள்வியே அல்ல, செய்தியாகிவிடும். ஒரு வேலை முடிந்துவிட்டது என்பதைக் கையோடு வாயும் ‘பா’ என்று திறந்து சொல்லும். தலையசைப்பு நம் காற்புள்ளியைப் போல வாக்கியத்தைப் பிரிக்கும். நான் பன்னிரண்டு வயதுவரை காதால் கேட்டு வளர்ந்தவன் என்பதால் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்வதே மரியாதை என்று பழகியிருந்தேன். முதல் மாதம் முழுவதும் என் ஆசிரியை தன் புருவத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார். குழந்தையிலிருந்தே கேளாத உங்கள் தம்பிக்கு அந்தத் தொல்லை இருக்காது.

---

பாயான்பாரு_அக்கா எழுதியது:

ஐயா, நடுவிரல் கதையைத் தம்பியிடம் காட்டினேன். சோபாவில் உருண்டு சிரித்தான். அவன் இப்படிச் சிரித்து நாளாகிறது.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பள்ளியில் வகுப்பறைக்குள் ஒருவகையாகவும் விடுதிக்குள் ஒருவகையாகவும் கை பேசுவோம் என்று அவன் அடிக்கடி சொல்வான். ஜப்பானில் பள்ளிகளில் சைகை மொழியிலேயே பாடம் நடக்கிறதா?

---

ஆறாம்ஆண்டுத்_தமிழன் எழுதியது:

அந்த மேல்வீட்டுப் பெரியவரும் இதே சொற்களைத்தான் சொன்னார். அவர் படித்த காலத்தில் வகுப்பில் கையை அசைக்கக்கூடாது. ஆசிரியரின் உதட்டைப் பார்த்துப் படிக்க வேண்டும், குரலை எழுப்பிப் பேசப் பழக வேண்டும். கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவனிடம் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்கு நடித்தே காட்டினார். உண்மையான பாடம் இரவில் விடுதியில்தான் நடந்ததாம். மூத்த பையன்கள் சின்னப் பையன்களுக்கு அன்றைய வகுப்பை மறுபடி நடத்துவார்களாம்.

ஜப்பானில் காது கேளாதோர் கல்வி 1878இல் கியோத்தோவில் தொடங்கியது. ஃபுருகவா தஷிரோ என்ற ஆசிரியர் தொடங்கிய அந்தப் பள்ளியில் கைச்சைகைக்கு இடம் இருந்தது. 1920களில் உதட்டுப் பேச்சு முறை வேகமாகப் பரவி, 1933இல் கல்வி அமைச்சர் ஹத்தோயாமா இச்சிரோவே அதை ஆதரித்துப் பேசிய பிறகு சைகை வகுப்பறையை விட்டு வெளியேறியது. ஒசாக்கா நகரப் பள்ளியின் தலைமையாசிரியர் தகாஹஷி கியோஷி போன்ற சிலர் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒசோனே பணியாற்றிய அதே பள்ளிதான்.

அதன் பிறகு நெடுங்காலம் சட்டமும் சாதகமாக இல்லை. காது கேளாதவரைச் சொத்து விவகாரத்தில் முழுப் பொறுப்புள்ள மனிதராகக் கருதாத பிரிவு குடிமைச் சட்டத்திலிருந்து நீங்கியது 1979இல்தான். மரபுநலச் சட்டம் என்ற பெயரில் 1948 முதல் 1996 வரை இருந்த சட்டத்தின் கீழ்க் கட்டாயக் கருத்தடைக்கு ஆளானவர்களில் காது கேளாத தம்பதியரும் உண்டு. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. பெரியவருக்குப் பிள்ளைகள் இல்லை. நான் காரணம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

1995இல் கிமுரா ஹருமி, இச்சிதா யசுஹிரோ என்ற இருவர் வெளியிட்ட அறிக்கை, காது கேளாதோர் ஜப்பானியத்திலிருந்து வேறான ஒரு மொழியைப் பேசும் மொழிச் சிறுபான்மையினர் என்று அறிவித்தது. அதைப் படித்துக் கொதித்தவர்களும் உண்டு. குறிப்பாக என்னைப் போல இடையில் செவியிழந்தவர்களும், ஓரளவு கேட்கக்கூடியவர்களும் நாங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். ஜப்பானிய வாக்கியத்தோடு ஒட்டிப் போகும் சைகையைப் பிரிக்பீல்ட்ஸ் ஐயா சற்று இளக்காரமாகச் சொன்னது எனக்கு அதனால்தான் உறுத்தியது. ஐம்பது வயதில் காது போனவருக்கு அதுதான் ஊன்றுகோல். அதே நேரத்தில், பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு அதை மட்டும் கொடுத்து மொழி கொடுத்துவிட்டோம் என்று சொல்வதும் நியாயமில்லை.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இன்று பெரும்பாலான பள்ளிகளில் ஏதோ ஒரு வகையில் கை அசைகிறது; ஆனால் ஜப்பானியச் சைகை மொழியை முதல் மொழியாகவும் எழுத்து ஜப்பானியத்தை இரண்டாம் மொழியாகவும் வைத்து நடத்துவதற்கென்றே தோன்றிய பள்ளி தோக்கியோ ஷினகவாவில் 2008இல் தொடங்கிய மெய்செய் ககுவென். பெற்றோரும் காது கேளாத பெரியவர்களும் சேர்ந்து நடத்திய சிறு வகுப்பிலிருந்து வளர்ந்தது. உங்கள் தம்பி முடிந்தால் ஒரு நாள் போய்ப் பார்த்துவர வேண்டும்.

---

பிரிக்பீல்ட்ஸ்_மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இளக்காரமாகத் தொனித்திருந்தால் மன்னிக்க வேண்டும், ஐயா. கோட் தாங்ஙானோடு எனக்குள்ள பழைய பகை அங்கே வந்துவிட்டது.

அன்றாடப் பயன்பாடு பற்றிச் சகோதரி கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் விட்டேன். 2011இல் திருத்தப்பட்ட மாற்றுத்திறனாளிகள் அடிப்படைச் சட்டம் மொழி என்பதில் சைகை மொழியையும் சேர்த்தது; தொத்தோரி மாநிலம் 2013இல் நாட்டிலேயே முதலாவதாகச் சைகை மொழிக்கென்று தனி ஆணை இயற்றியது; சைகை மொழிக்கென்றே தேசியச் சட்டம் 2025 ஜூனில் வந்தது. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமே பிம் மொழியை அங்கீகரித்துவிட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம், அங்கீகாரம் மருத்துவமனை முகப்பு வரை வந்து சேர்ந்ததா என்பது வேறு கதை. ஜப்பானில் மருத்துவரிடம் போகும்போது நகராட்சி வழியாக மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறும் ஏற்பாடு உண்டு. 2021 முதல் தொலைபேசி அழைப்புகளுக்கும் இடையில் ஒருவர் நின்று சைகையைப் பேச்சாக்கித் தரும் பொதுச்சேவை நடக்கிறது.

2025 நவம்பரில் தோக்கியோவில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கைப் பார்க்கப் போயிருந்தேன். நம் பையன்கள் இருவர் அரங்கத்துக்கு வெளியே ஜப்பானியர் சிலரோடு நின்றிருந்தார்கள். முதலில் இரு தரப்பும் அவரவர் சொல்லைக் காட்டித் தடுமாறின. பத்து நிமிடம் கழித்து நான் திரும்பி வந்தபோது, யாருடைய மாமியார் சமையல் மோசம் என்பது வரை போயிருந்தது. மொழிபெயர்க்க வந்த நான் ஓரமாக நின்றேன்.

---

செராஸ்_பொறியாளர் எழுதியது:

குப்பைத்தொட்டி விஷயத்தில் தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஹிரகனாவையாவது படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இரயில் நிலையத்தில் மேல்வீட்டுப் பெரியவர் இருக்க மாட்டார்.

---

ஆறாம்ஆண்டுத்_தமிழன் எழுதியது:

ஹிரகனா, கத்தகனா இரண்டையும் படிக்கட்டும், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. அதற்கு அக்காவே போதும். சைகை மொழியை மட்டும் அக்கா கற்பிக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஜப்பானியக் காது கேளாத நண்பர் ஒருவர் இணையவழியில் பேசச் சம்மதித்திருக்கிறார். தனிச்செய்தியில் என் புலன (வாட்ஸ்அப்) எண்ணை அனுப்புகிறேன்.

---

பாயான்பாரு_அக்கா எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஜப்பான் நேரம் ஆறு மணிக்கு, முதல் காணொளி அழைப்பு நடந்தது. அறையில் வெளிச்சம் போதவில்லை என்று தம்பி பூசையறை விளக்கைக்கூட எடுத்துக்கொண்டு போனான். மொழிபெயர்க்க உதவியாக இருக்கும் என்று நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் அவன் என் பக்கம் திரும்பி, போய்த் தேநீர் கலக்கி வா என்று காட்டினான். ஏழு மணி வரை கதவு திறக்கவில்லை; தேநீர் ஆறிப்போனது.

வெளியே வந்தவுடன் என் முகத்துக்கு நேரே சுண்டுவிரலை நீட்டி மேலே உயர்த்தினான். அக்கா என்று அர்த்தமாம். ஹிரகனா வகுப்பு நாளைக்கு என்றும் சொன்னான்.